சாவுப் புத்தகத்தில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினான்கு

பிள்ளை பரிசு வாங்கிய வீட்டில் பாயசம் வைப்பார்கள். வீரம்மா வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பையே பற்றவைக்கவில்லை.

விறகுக்குப் பஞ்சமில்லை. மலையிலிருந்து அவளே சுமந்து வந்து போட்ட தேயிலை மிலாறுக் குச்சி கட்டுக்கட்டாக வாசலில் கிடந்தது. அவளுக்குத்தான் கை ஓடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பேராதனையிலிருந்து பஸ் ஏறி வந்த மகள் நாகலெட்சுமி, "அம்மா, எனக்குத்தாம்மா பரிசு!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாளே, அதைச் சென்ற வாரம் பார்த்தோம். பரிசு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட வீரம்மா, ஒரு வாய் சோறு தின்னாமல் கம்பளிக்குள் சுருண்டுகொண்டதையும் பார்த்தோம். ஏன் அப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரியாமலே போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற கருங்காட்டுத் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் கொழுந்தெடுக்கிறவள் வீரம்மா. புருஷன் மூக்கன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. மூத்தவன் சின்னராசா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். பத்து வருஷம் இழுத்தடித்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் இந்தியாவிலிருந்து வந்த இந்தக் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்த உரிமையை வைத்து அவன் அரசாங்க ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டான். தேர்விலும் முதலாவதாக வந்துவிட்டான். வருகிற வியாழக்கிழமை அட்டன் பட்டணத்து ஆபீஸில் பத்திரங்களைச் சரிபார்க்கிறார்கள். அது முடிந்தால் நியமனக் கடிதம்.

இளையவள் நாகலெட்சுமி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம். அங்கே நூலகத்தில் கிடக்கும் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்துச் சிறந்த ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவருக்கு வருஷத்துக்கு ஒரு பரிசு உண்டு. பரிசு பெற்ற கட்டுரைக்கு அட்டை கட்டி நூலகத்திலேயே வைப்பார்கள். யாரும் எடுத்துப் படிக்கலாம்.

அவள் தேடியெடுத்தது என்ன தெரியுமா? கருங்காட்டுத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறும்போது, ஆபீஸில் கிடந்த பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக நூலகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். கரையான் அரித்த அந்தப் பெட்டிகளை ஒருவரும் திறக்கவில்லை. நாகலெட்சுமி திறந்தாள். அதற்குள் தோட்டத்தில் இறந்துபோன குழந்தைகளின் பதிவேடு ஒன்று இருந்தது. அதற்குத் தோட்டத்து ஜனங்கள் வைத்த பெயர் சாவுப் புத்தகம்.

இந்த உலகத்தில் எழுதிப் பரிசு வாங்க இவளுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்றுதான் ராத்திரி முழுக்க வீரம்மா நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

காலை ஒன்பது மணிக்குச் சின்னராசா டிக்கோயாவிலிருந்து திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த பத்திரிகையைத் தங்கச்சியின் முகத்துக்கு நேரே வீசினான்.

"படி. சத்தம் போட்டுப் படி."

நாகலெட்சுமி பத்திரிகையைக் குனிந்து எடுத்தாள். தன் பெயரை அச்சில் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியே அவனுக்கு மேலும் எரிச்சலாயிற்று.

"எம் பேரு போட்டிருக்காங்கண்ணே!"

"எம் பேரையும்தான் போட்டிருக்காங்க. கீழ படி."

அவள் படித்தாள். குரல் வரவரச் சின்னதாயிற்று.

"'இத்தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் பின்னாளில் இருந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துவரவில்லை. காரணம் ஒரு வழக்கம். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை இடுகிறார்கள். போன பிள்ளையே திரும்பி வந்ததாக நம்புவதால், பழைய பிறப்புச் சான்றிதழையே புதுப் பிள்ளைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். பதிவேட்டின் ஒரு வரி இது: சின்னராசா, தகப்பன் மூக்கன், வயது பதினொரு மாதம், கக்குவான், 1936 செப்டம்பர்.'"

வீரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்றாஹிம் நானா கடையில தேத்தண்ணி குடிக்கப் போறேன். ஒருத்தன் எந்திரிச்சி எனக்குக் கும்புடு போடுறான். என்னான்னு கேட்டா, 'செத்து இருவத்தேழு வருசமான ஆளு நடந்து வர்றீங்களே வாத்தியாரே'ங்குறான். கடையே சிரிக்குது" என்றான் சின்னராசா.

"அது நீ இல்லண்ணே. மேக்கணக்கு மூக்கனோட மகன். போன லீவுல வந்தப்பவே அம்மாட்ட கேட்டுட்டுத்தான் எழுதுனேன்."

மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. கருங்காட்டில் ஒரு காலத்தில் இரண்டு மூக்கன்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். சின்னராசாக்களோ தடுக்கி விழுந்தால் ஒருவன்மேல் விழலாம்.

"அட்டன் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கறவனுக்கு மேக்கணக்கு தெரியுமா, கீழ்க்கணக்கு தெரியுமா? பேரு ஒண்ணு. அப்பன் பேரு ஒண்ணு. தோட்டம் ஒண்ணு. என் சான்றிதழ்ல என்னா இருக்கு? 1935 அக்டோபர். அந்தப் புள்ள 36 செப்டம்பர்ல பதினொரு மாசத்துல செத்திருக்கு. பரிசு வாங்குன மூளையாச்சே, கழிச்சுப் பாரு."

நாகலெட்சுமி விரல்விட்டு எண்ணினாள். இவ்வளவு நாளும் அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு வீட்டுல ஒரே மாசம் புள்ள பொறக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில்.

"அதை நீ வந்து அட்டன்ல சொல்றியா? வியாழக்கெழமை அவன் என் சான்றிதழையும் இந்தப் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வப்பான். வேலை மட்டுமா போகும்? பொய்ப் பத்திரம் குடுத்தோம்னு அப்பா எழுதிப்போட்டு வந்த பிரஜாவுரிமையவே ரத்துப் பண்ணுவான். அப்பறம் நீ, நான், அம்மா மூணு பேரும் எந்த நாட்டு ஆளுங்க?"

"அதுக்கு நான் என்னா பண்ணணுங்குற?"

"அந்தப் பேரு தப்புன்னு நூலகத்துக்கு எழுதிக்குடு. இன்னைக்கே."

"தப்பில்லையே! என் கண்ணால பாத்து எழுதுனேன். தப்புன்னு நானே எழுதிக்குடுத்தா இட்டுக்கட்டி எழுதுனவள்னு ஆயிரும். பரிசோட போகாது, பட்டமும் போயிரும்."

"போகட்டுமே. அப்பா செத்த வருசம் எனக்கும் அங்க எடம் கெடைச்சிச்சி. நான் போகாததுனாலதான் நீ போன."

"அதைச் சொல்லிக்காட்டாத நாளு ஒண்ணாவது உண்டாண்ணே? நான் ஒண்ணும் உன் எடத்தைப் பிச்சை வாங்கிட்டுப் போகல. படிச்சித்தான் போனேன்."

"படிச்சி என்னத்தக் கிழிச்ச? செத்த புள்ளைகள எண்ணுன!"

"ஆமா எண்ணுனேன். அறுவத்திரண்டு புள்ளைங்க. நம்ம லயத்துலயும், அடுத்த லயத்துலயும். ஒருத்தனும் எண்ணல, அதனால நான் எண்ணுனேன்."

இருவரும் நின்றுகொண்டு கத்தினார்கள். லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் பேச்சு அடங்கிப்போயிருந்தது. லயத்தில் சண்டை என்றால் அடுத்த வீட்டுக்கு அது இலவச நாடகம். அதுவும் படித்தவர்கள் வீட்டுச் சண்டை என்றால் கேட்க வேண்டுமா?

சின்னராசா தாயின் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லும்மா. அது மேக்கணக்கு மூக்கன் மகன்தானே?"

வீரம்மா மகனைப் பார்த்தாள். இருபத்தாறு வயசு. சான்றிதழில் இருபத்தெட்டு.

"ஆமா" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், தொட்டியில் இருந்த தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். மகளிடம் சொன்ன அதே பொய். இரண்டாவது முறை சொல்லும்போது அது இன்னும் லேசாக வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

அது அவள் பிள்ளை. அவளும் மூக்கனும் பெற்ற தலைப்பிள்ளை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தான். ஒரு புரட்டாசி மழையில் இருமி இருமி நீலம் பாரித்துப் போனான். அஞ்சாம் நம்பர் மலையின் மூலையில் ஒரு சவுக்கு மரத்தடியில் புதைத்தார்கள். பிறகு துரை அந்த இடத்திலும் தேயிலை நட்டுவிட்டான். இன்றைக்கும் அந்த மலையில் கொழுந்தெடுக்கும்போது மூலையில் உள்ள மூன்று செடிகளை வீரம்மா தொடுவதில்லை. கங்காணி கண்டுபிடித்துத் திட்டுவான். அவள் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. மழையோடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செல்லசாமியும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் காக்கிக் களிசானும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையும் போட்டுக்கொண்டிருக்கிற மனுஷர் அவர். அவருடைய மகன் முத்துலிங்கமும் சின்னராசா எழுதிய அதே தேர்வை எழுதியவன்தான். இரண்டாவதாக வந்தான். இருப்பது ஒரு வேலை. மேலே இருப்பவன் விழுந்தால் கீழே இருப்பவன் ஏறுவான். இதைத் தெரிந்துகொண்டு அவருடைய சிரிப்பைப் பாருங்கள், அது வேறு மாதிரித் தெரியும்.

"பாப்பாவுக்குப் பரிசாமே! தோட்டத்துக்கே பெருமை" என்று இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினார். குடையை மடக்கி நீரை உதறினார். யாரும் நாற்காலி போடவில்லை. அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நன்றிங்க ஐயா" என்றாள் நாகலெட்சுமி, உட்காராமல்.

"அந்தப் புத்தகத்துல கையெழுத்து எப்புடி இருந்திச்சி? அழகா இருந்திச்சா?"

"ஆமாங்க. சாஞ்ச எழுத்து."

"என் எழுத்துதான்" என்று சிரித்தார். "அப்ப நான் ஆபீஸ்ல பேரு பதியிற பையன். புள்ள செத்தா எங்கிட்டத்தான் வந்து சொல்லுவாங்க. எத்தனையோ எழுதுனேன். எல்லாம் மறந்துபோச்சி. சிலது மறக்கல. இந்தச் சின்னராசாவ யாரு மகன்னு எழுதியிருக்க பாப்பா?"

"மேக்கணக்கு மூக்கன் மகன்."

செல்லசாமி தலையைச் சாய்த்து வீரம்மாவைப் பார்த்தார். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மேக்கணக்கு மூக்கனா? அவன் ஒத்தக்கட்டை. கலியாணமே கட்டாம செத்தவன். வயசானவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே. அவனுக்கு ஏது புள்ள?"

அவசரத்துக்குச் சொன்ன பொய்க்கு ஆள் பார்த்தவள், கலியாணம் கட்டாதவனையா பார்த்திருக்க வேண்டும்?

"அஞ்சாம் நம்பர்ல மூணு செடிய எடுக்காமப் போவியே வீரம்மா" என்றார் செல்லசாமி மெதுவாக. "இத்தனை வருசத்துல ஏன்னு ஒரு நாளு நான் கேட்டிருப்பேனா?"

நாகலெட்சுமி திரும்பித் தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வீரம்மாவால் தாங்க முடியவில்லை.

"ஐயா, நேரடியாப் பேசுங்க" என்றான் சின்னராசா.

"என்னாத்த நேரடியா? இந்த வேலை எனக்கு வேணாம்னு நீ ஒரு வரி எழுதிப் போட்டுட்டா நான் ஏன் அட்டனுக்குப் போறேன்? எழுதலைன்னா, அந்த வரியை எழுதுனவன் நான், செத்தது கீழ்க்கணக்கு மூக்கன் மகன், இந்தா நிக்கிறவன் வேற ஆளுன்னு போயிச் சொல்ல வேண்டியதுதான். நான் என்னா பொய்யா சொல்றேன்? உண்மையத்தானே சொல்லப் போறேன். பாப்பாவும் உண்மையத்தானே எழுதியிருக்கு!"

குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். படியில் நின்று, "புதன்கெழமை வரைக்கும் பாப்பேன்" என்றார். பிறகு பரிசுக்கு மறுபடியும் ஒரு வாழ்த்துச் சொன்னார். அந்த வாழ்த்துக்காகவே அவரை அந்தச் சேற்றில் சறுக்கி விழவைத்திருக்கலாம். சறுக்கவில்லை.

சின்னராசா கதவைச் சாத்தினான்.

"யாரும்மா அது?"

வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"யாருன்னு கேக்குறேன்!"

"உன் அண்ணன்டா" என்றாள்.

பிறகு நின்ற இடத்திலேயே சொன்னாள். அழவில்லை. தலைப்பிள்ளை போனபிறகு இந்தத் தோட்டத்துத் தண்ணியைக் குடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளை பெற அவளுக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் நாலு மாசத்தோடு கப்பலேறித் துறையூருக்குப் பக்கத்தில் அப்பன் வீட்டுக்குப் போனாள். அங்கே இரண்டாவதும் ஆண் பிறந்தது. நெற்றியும் மூக்கும் அப்படியே போனவனுடையது. போனவன்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். அதே பெயரை வைத்து, ஆறு மாசப் பிள்ளையாக இங்கே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேக்கப் போறப்ப பத்திரம் கேட்டாங்க. அப்பா பொட்டியத் தெறந்து இருந்ததை எடுத்துக் குடுத்தாரு. பேரு ஒண்ணு, அப்பன் ஆத்தா ஒண்ணு, புள்ளையும் அதே புள்ள. இதுல பொய்யி எங்கடா இருக்குன்னு எங்களுக்குத் தோணவே இல்ல. அப்பறம் பிரஜாவுரிமைக்கும் அதையே குடுத்தோம்."

"அப்ப நான் இந்த நாட்டுல பொறக்கவே இல்ல" என்றான் சின்னராசா.

"இல்ல."

"எனக்குன்னு ஒரு துண்டுக் கடுதாசியும் இல்ல."



நாகலெட்சுமி தாயின் முன்னால் வந்து நின்றாள். "எங்கிட்ட ஏம்மா பொய் சொன்ன? நான் கேட்டப்பவே நம்ம புள்ளதான்னு சொல்லியிருந்தா அந்த வரியவே எழுதியிருக்க மாட்டேனே! வேற வரியா இல்ல? அறுவத்தொண்ணு கெடந்திச்சே!"

"நீ அதைப் பேப்பர்ல போட்டுப் பரிசு வாங்குவேன்னு நான் கண்டேனா? லீவுல வந்து, சோத்தப் பெசஞ்சிக்கிட்டே, 'அம்மா, இந்தப் புள்ள யாரு'ன்னு ஊர்ப் புள்ளையக் கேக்குற மாதிரிக் கேட்ட. எனக்கு நெஞ்சு அடைச்சிப்போச்சி. வாயில வந்ததச் சொன்னேன்."

"வாயில வந்ததா? என் படிப்பு அதுலதான் நிக்குது!"

"அவ படிப்பு இருக்கட்டும். என் பொழப்பு?" என்று சின்னராசா இருவரையும் மறித்தான். "இங்க பாரு நாகு. ஒரே வழிதான் இருக்கு. நாளைக்குக் காலையில பஸ் ஏறு. நூலகத்துல உன்னைத் தெரியும், அந்தப் பொட்டியத் தெறந்து குடுப்பாங்க. அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வந்திரு. கட்டுரையில பேரு தவறிப்போச்சின்னு ஒரு கடுதாசி குடுத்திரு. அப்பறம் செல்லசாமி என்னா கத்துனாலும் வெறும் வாய்ப்பேச்சுத்தான். அவனும் மகனுக்காகக் கத்துறான்னு எல்லாருக்கும் தெரியும்."

நாகலெட்சுமி அவனை வெறித்துப் பார்த்தாள்.

"நூலகத்துப் புத்தகத்தையா? கிழிக்கவா?"

"ஒரே ஒரு பக்கம்."

"அந்தப் பெட்டிய நம்பி எங்கையில குடுத்தவங்கண்ணே. அதைத் தொறந்ததுக்குத்தான் பரிசே குடுக்குறாங்க."

"அப்ப உன் அண்ணன் தெருவுல நிக்கட்டும். அம்மா, இந்த வயசுல, மறுபடியும் கப்பலேறட்டும். நீ பரிச நெஞ்சில வச்சிக்கிட்டு நில்லு!"

"கத்தாத!"

"கத்துவேன்! நீ ஒரு பொட்டியத் தெறந்த, மூணு பேரையும் அதுக்குள்ள போட்டுட்ட!"

நாகலெட்சுமி மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் அவள் அந்த நூலகத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் படித்திருக்கிறாள். தோட்டத்துப் பெண் என்று ஒதுங்கி நின்ற அவளுக்குத் தனி மேசை கொடுத்த இடம் அது. வீரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மகளின் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"சரி" என்றாள் நாகலெட்சுமி, தலையைத் தூக்காமலே. "கிழிச்சிட்டு வர்றேன். பரிசும் வேணாம். இனிமே அங்க போயி முழிக்கவும் மாட்டேன். போதுமா?"

"போதும்" என்றான் சின்னராசா.

"இல்ல" என்றாள் வீரம்மா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக அவள் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

வீரம்மா கீழே கிடந்த பத்திரிகையை எடுத்தாள். எழுத்துத் தெரியாது. எந்த இடம் என்று தெரியாமல் தாள் முழுக்க விரலால் தடவினாள்.

"எங்க இருக்கு அந்த வரி?"

நாகலெட்சுமி எழுந்து வந்து காட்டினாள்.

"படி."

"அம்மா..."

"படி புள்ள."

"சின்னராசா. தகப்பன் மூக்கன். வயது பதினொரு மாதம்."

வீரம்மா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். இருபத்தேழு வருஷமாக அந்தப் பிள்ளையின் பெயரை அவனுக்கென்று யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. புருஷனோடு படுத்த படுக்கையில்கூடப் பேசினதில்லை. பேசினால் இருக்கிறவனுக்கு ஆகாது என்று பயம். அவன் இருந்ததற்கு இந்த உலகத்தில் எழுதிவைத்த சாட்சி அந்த ஒரு வரிதான். அதையும் எழுதினவன் செல்லசாமி.

"கிழிக்கக் கூடாது" என்றாள். "ஒருக்கா பொதைச்சாச்சி. இன்னொருக்கா என்னால முடியாது."

"பைத்தியமா உனக்கு?" என்று சின்னராசா பாய்ந்தான். "செத்தவனுக்காக உயிரோட இருக்கறவனக் கொல்லுவியா?"

"உன்னை யாருடா கொல்றா? நான் வர்றேன் வியாழக்கெழமை. அந்த ஆபீஸ் தொரை முன்னால நின்னு நான் சொல்றேன். ரெண்டும் எம்புள்ள, பத்திரம் மாறிப்போச்சி, எழுத்துத் தெரியாதவ செஞ்ச பெசகு, தண்டனை குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்கன்னு..."

"சொல்லு! நல்லாச் சொல்லு! நீயே போயி எம்புள்ள இந்தியாவுல பொறந்தவன்னு சொல்லு. செல்லசாமிக்கு வேலை மிச்சம்!"

அவள் கை தானாக மகனின் தோளுக்குப் போனது. அவன் தட்டிவிட்டான். தட்டின வேகத்தில் பத்திரிகை இரண்டாகக் கிழிந்தது. அது அவனுக்கே அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு உள்ளே போனான். தகரப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய அந்தப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். குடை எடுக்கவில்லை.

"எங்கண்ணே போற?" என்று நாகலெட்சுமி குறுக்கே வந்தாள். அவளை விலக்கிவிட்டு மழையில் இறங்கினான்.

வீரம்மா இஸ்தோப்பு வரை ஓடிவந்தாள்.

"சின்னராசா!"

அவன் நின்றான். தண்ணீர் வழியும் முகத்தோடு திரும்பினான். அப்படி ஒரு வெறுப்பை அந்த முகத்தில் அவள் அதுவரை கண்டதில்லை.

"எந்தச் சின்னராசாவக் கூப்புடுற?" என்று கேட்டான்.

அவள் வாய் திறப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான். டிக்கோயாவுக்கு இறங்கும் ரோட்டில் அல்ல. தேயிலைக்கு நடுவே மேலே ஏறும் குறுக்குப் பாதையில். அந்தப் பாதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போகும். கணக்கப்பிள்ளை செல்லசாமியின் வீட்டுக்கு.